மரகதத்தின் முன்னிருக்கை

கரூரில் ஓர் ஆசான் இருந்தார். அவருக்கு வயது இருபத்தாறு. அவருடைய சீடர் ஐம்பதைக் கடந்தவர்.

ஆசானின் பெயர் தமயந்தி. பேருந்துகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில், கணினியில் வடிவம் வரைவது அவர் தொழில். சீடரின் பெயர் இளங்குமணன். கடைவீதிக்குப் பின்புறம் பல் மருத்துவமனை வைத்திருந்தார். இவ்விருவரையும் ஆசானும் சீடருமாக ஆக்கியது ‘நெடுவழி’ என்னும் கணினி விளையாட்டு.

அது பேருந்து ஓட்டும் விளையாட்டு. அதில் பகைவர் இல்லை, துப்பாக்கி இல்லை. பயணிகளை ஏற்றி, வளைவுகளில் ஒலியெழுப்பி, உரிய வேளையில் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் கடலுக்கு அப்பால் எங்கோ இருந்தது. அது தந்த பேருந்துகளின் நெற்றியில் பெயர் இல்லை, கண்ணாடியில் மாலை இல்லை, ஒலிப்பானில் பாட்டில்லை. பேருந்துக்கு இவை கூட இல்லாவிட்டால் எப்படி என்று வருந்தியவர்கள், தாமே அவற்றைச் செய்து விளையாட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வாறு வெளியிலிருந்து செய்து சேர்ப்பதற்கு ‘மோட்’ என்று பெயர். மோட் செய்வோருள் தமயந்திக்கு நிகரானவர் இல்லை என்பது நெடுவழிக் குழுவினரின் முடிவு. கேள்வி கேட்டால் அவர் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. ஏதேனும் ஒரு வேலையைச் செய்யச் சொல்வார். அதனாலேயே ஆசான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மருத்துவருக்காகத் தமயந்தி ஒரு பச்சைப் பேருந்து செய்து தந்திருந்தார். அதன் நெற்றியில் ‘மரகதம்’ என்று எழுதியிருந்தது. மரகதம், மருத்துவரின் மனைவி.

அப்பேருந்தின் பெருமை பெயரில் இல்லை, முன்னிருக்கையில் இருந்தது. விளையாட்டில் ஓட்டுநர் ஒருவரே உயிருள்ள மனிதர். பயணிகள் எல்லாரும் பொம்மைகள். ஓட்டுநருக்கு இடப்புறம் ஓர் இருக்கையை அமைத்து, அதில் இன்னொரு மனிதர் தம் கைப்பேசி வழியாக ஏறி அமர்ந்து வேடிக்கை பார்க்கும்படி தமயந்தி செய்திருந்தார். அதற்கு மூன்று மாதம் பிடித்தது.

அந்த இருக்கைக்கு ஒரு காரணம் உண்டு. காணும் பொங்கலன்று ஊரே கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டு காவிரிக்கரைக்குப் போகும். மருத்துவர் மட்டும் போனதில்லை. பொங்கலுக்குக் கரும்பு கடிப்பவர்களில் சிலருக்காவது பல் உடையும். மணமான ஆண்டு முதல், “இந்த வருஷம் கண்டிப்பாப் போறோம்” என்று மனைவியிடம் அவர் சொல்வதும், வாசலில் யாரேனும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பதும் வழக்கமாகிவிட்டன.

இந்த ஆண்டு காணும் பொங்கல் மாலையில், நெடுவழிக் குழுவினர் நாற்பது பேர் தத்தம் வீட்டிலிருந்தபடியே மலைச்சாலையில் வரிசையாகப் பேருந்து ஓட்டுவதாக ஏற்பாடு. குழுவின் தலைவர் என்பதால் முதல் பேருந்து மருத்துவருடையது. அதன் முன்னிருக்கையில் மரகதம் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். முதலில் அவர் சிரித்தார். பிறகு, “நெசமாவே மலை தெரியுங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே மருத்துவரின் நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று காலை மருத்துவர் விளையாட்டைத் திறந்தார். திரை கறுத்தது. சிறிது நேரம் கறுப்பாகவே இருந்தது. பின்பு விளையாட்டு தானே மூடிக்கொண்டது. பொழுது விடியுமுன் புதுப்பிப்பு ஒன்று வந்து, கேளாமலே உள்ளே ஏறியிருந்தது.

மஞ்சள் கொத்து வாங்கி வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு மருத்துவர் புறப்பட்டார்.

தமயந்தி தம் வீட்டு மொட்டைமாடியில் அமர்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தார்.

“முன்பல்லால கடிக்காதீங்க ஆசானே!” என்றார் மருத்துவர், படியேறி முடிப்பதற்குள்.

“வாங்க டாக்டர். பொங்கல் வாழ்த்து சொல்லுவீங்கன்னு பார்த்தா, பல்லைத்தான் பார்க்கறீங்க.”

“வாழ்த்து அப்புறம். விளையாட்டு செத்துப்போச்சுங்க.”

“அப்டேட்டா?”

“அதேதான்.”

“தானா ஏறிக்கிறதை நிறுத்தி வைங்கன்னு போன மாசமே சொன்னேனே?”

“நிறுத்தினேன். கிளினிக் கம்ப்யூட்டர்ல.”

தமயந்தி கரும்புச் சக்கையைக் கூடையில் போட்டுவிட்டுக் கைகழுவி வந்தார். சிரிப்பை அடக்க அவர் முயன்றதாகத் தெரியவில்லை.

மருத்துவர் மடிக்கணினியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் விரித்து வைத்தார்.

“எனக்கு ஒண்ணு சொல்லுங்க ஆசானே. நீங்க மாசக்கணக்கா உக்காந்து ஒண்ணு கட்டறீங்க. அவனுங்க ஒரே விடியல்ல வந்து உடைச்சுட்டுப் போறானுங்க. கேக்கறதில்ல, சொல்றதில்ல. உங்களுக்குக் கோவமே வராதா?”

“எத்தனை மோட் போட்டிருக்கீங்க?”

“நான் கேட்டதுக்குப் பதில் வரல.”

“எத்தனைங்க?”

“நூத்துச் சொச்சம் இருக்கும். அதுல எவனோ ஒருத்தன் அரைகுறையாப் பண்ணி வச்சிருக்கான். அவன் மட்டும் என் நாற்காலியில வந்து உக்காரட்டும், மரப்பு ஊசியே போடாம கடவாய்ப் பல்லைப் பிடுங்கறேன்.”

“எல்லாத்தையும் வெளியே எடுங்க” என்றார் தமயந்தி.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“ஒரு பல்லு வலிச்சா வாயையே காலி பண்ணுவாங்களா?”

“பல்லைப் பிடுங்கினா மறுபடி வைக்க முடியாது. மோட்டை வைக்கலாம். அதுக்கு முன்னாடி, உங்க பழைய ஆட்டத்தை அப்படியே ஒரு பென் டிரைவ்ல நகல் எடுத்துக்கங்க.”

பழைய ஆட்டம் என்று ஆசான் சொன்னது சேமிப்புக் கோப்பை. மருத்துவர் மூன்றாண்டுகளாக ஓட்டிய தடங்கள், கட்டிய பணிமனை, நிறுத்திய வண்டிகள் எல்லாம் அதில் இருந்தன. மருத்துவர் பென் டிரைவைச் செருகினார், எதையோ இழுத்துப் போட்டார், உருவினார்.

“எடுத்தாச்சு.”

“இவ்வளவு சீக்கிரமாவா?”

“கைப்பழக்கம்.”

பிறகு மோட்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வேறொரு கோப்புறையில் வைத்தார். மாலை போயிற்று. எலுமிச்சம்பழம் போயிற்று. ஆறு வகை ஒலிப்பான்கள் போயின. சாலையோரத் தேநீர்க்கடை, மைல்கல், ஆட்டுமந்தை, பயணச்சீட்டுக் கிழிக்கும் ஓசை எல்லாம் போயின. இறுதியாகப் பச்சைப் பேருந்தை எடுத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

விளையாட்டு திறந்தது. திரை கறுக்கவில்லை.

மகிழ்ச்சியில் மருத்துவரின் கை பழக்கப்படி பழைய ஆட்டத்தின்மேல் போய் அழுத்தியது. திரையில் ஓர் அறிவிப்பு எழுந்தது: சில பொருள்கள் காணப்படவில்லை, அவற்றை நீக்கிவிட்டுத் தொடரலாமா? அவர் விரல் ‘ஆம்’ என்பதை நோக்கி நகர்ந்தது.

தமயந்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கையை எடுங்க டாக்டர்.”

“ஏனுங்க?”

“ஆமான்னா, காணாமப் போன வண்டியை எல்லாம் கணக்கிலிருந்தே அழிச்சுடும். அப்புறம் மோட்டைத் திரும்ப வச்சாலும் டிப்போ காலியாத்தான் இருக்கும்.”

“நகல்தான் இருக்கே.”

“காட்டுங்க பார்ப்போம்.”

மருத்துவர் பென் டிரைவை மறுபடி செருகினார். உள்ளே ஒரே ஒரு சின்னம் இருந்தது. திரைமுகப்பில் விளையாட்டைத் திறக்க அழுத்தும் அதே சின்னம்.

தமயந்தி அதை ஒரு நொடி உற்றுப் பார்த்தார்.

“டாக்டர், இது உங்க வீட்டுக் கதவோட போட்டோ. வீடு இதுல இல்ல.”

மருத்துவரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. தை மாதக் காற்று வீசிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ‘இல்லை’ என்பதை அழுத்தினார். ஆசான் சுட்டிக்காட்டிய கோப்புறையை முழுமையாக நகலெடுத்தார். முடிந்ததும் அதைத் திறந்து பார்த்தார். மூடினார். மீண்டும் திறந்து பார்த்தார்.

“போதும், அது ஓடிப்போகாது” என்றார் தமயந்தி. “இப்ப புதுசா ஓர் ஆட்டம் தொடங்கி வண்டியை எடுங்க.”

“எந்த வண்டியை?”

“அவங்க குடுத்த வண்டியை.”

மொட்டை வெள்ளைப் பேருந்து ஒன்று நின்றது. மருத்துவர் அதை ஏளனமாகப் பார்த்தார். “ஐஸ் பெட்டிக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு” என்று முணுமுணுத்தபடி ஓட்டத் தொடங்கினார். மலைச்சாலையின் முதல் திருப்பத்தில் பேச்சை நிறுத்தினார்.

பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. சாலையைக் கடந்து, மரங்களுக்கிடையே புகுந்து, வண்டியின் விளக்கொளியில் பாலாய்ச் சுழன்றது. கண்ணாடியில் ஈரம் படிந்தது. அவர் துடைப்பானை முடுக்கியதும் ஈரம் வில்லாக வழிந்தோடியது.

“இது எப்ப வந்துச்சு?”

“இன்னைக்கு.”

“நான் பார்க்கவே இல்லையே!”

“வானத்துக்கு ஒரு மோட் வச்சிருந்தீங்கல்ல? அது இருந்திருந்தா பனியைக் காட்டியிருக்காது.”

மருத்துவர் ஒரு குழந்தையைப் போல அடுத்த திருப்பத்துக்கு விரைந்தார். ஐஸ் பெட்டியை ஓட்டுகிறோம் என்பதையே மறந்துவிட்டார்.

அவ்வேளையில் அவருடைய கைப்பேசி ஒலித்தது. மரகதம்.

“ஏனுங்க, மஞ்சள் கொத்து வாங்க ஈரோட்டுக்கே போயிட்டீங்களா?”

“வந்துட்டே இருக்கேன் மரகதம்.”

“வாங்க, மெதுவா வாங்க. நாளைக்கு எந்தச் சேலை கட்டட்டும்? மயில்கழுத்து நிறமா, அரக்கா?”

“நீ வீட்ல சோபாவுல உக்காந்துதான வரப்போற? யாரு பார்க்கப் போறாங்க?”

“நல்லா இருக்குதே! மலைக்குப் போறேன், பழைய சேலையிலயா போவாங்க?”

மருத்துவர் கைப்பேசியை வைத்துவிட்டு ஆசானைப் பார்த்தார். அவர் முகத்தில் மலையும் இல்லை, பனியும் இல்லை.

“அவ சேலை எடுத்து வைக்கறா. எனக்கு அந்தப் பச்சை வண்டி வேணுங்க. பனி நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைப் பார்க்க அவ எங்க உக்காருவா?”

“மோட்டுல பாதியைத் திரும்ப உள்ளே வைங்க” என்றார் ஆசான். “ஓடினா, குத்தவாளி மீதிப் பாதியில இருக்கான். ஓடலைன்னா, இந்தப் பாதியிலயே இருக்கான். மறுபடி பாதி, மறுபடி பாதி.”

“நான்கூட அப்படித்தான். வலிக்குது வலிக்குதுன்னு வருவாங்க, எந்தப் பல்லுன்னு தெரியாது. மேல் வரிசையா, கீழ் வரிசையா? வலமா, இடமா? தட்டிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல கத்துவாங்க.”

“தட்டுங்க.”

மருத்துவர் தட்டினார். பாதியை வைத்தார், விளையாட்டு ஓடியது. மீதியில் பாதியை வைத்தார், ஓடியது. இதற்கிடையே, காலையில் அவர் குழுவில் புலம்பியிருந்ததற்குப் பதிலாக ஒரு குரற்செய்தி வந்து விழுந்தது: “தலைவரே, நாளைக்கு வண்டி வருமா, இல்ல பஞ்சர் ஒட்டிட்டுத்தான் வருமா?” மருத்துவர் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்தார், பல் மருத்துவர் செய்யத் தகாத செயல் அது. பிறகும் பாதி பாதியாய்க் குறைத்துக்கொண்டே போனார். மாலை குற்றமற்றது. ஒலிப்பான்கள் குற்றமற்றவை. தேநீர்க்கடையும் ஆட்டுமந்தையும் குற்றமற்றவை. பனியை மறைக்கும் வான மோட்டை மட்டும் அவர் திரும்பச் சேர்க்காமல் ஒதுக்கிவைத்தார். இறுதியில் சோதிக்க ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அது பச்சைப் பேருந்து.

மருத்துவர் அதை உள்ளே வைத்தார். திரை கறுத்தது.

அவர் நெடுநேரம் திரையையே பார்த்தார். ஆசானின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

“ஆசானே… நான் அந்தக் கடவாய்ப் பல்லைப் பத்திச் சொன்னது…”

“ஊசி போட்டே பிடுங்குங்க டாக்டர்” என்றார் தமயந்தி.

அவர் தம் கைப்பேசியில், புதுப்பிப்போடு நிறுவனம் வெளியிட்டிருந்த குறிப்பைத் தேடி எடுத்துப் படித்தார். “இதைப் படிச்சீங்களா?” என்றார்.

“இதையெல்லாம் யாருங்க படிப்பாங்க?”

“சாப்பிட்டப்புறம் போடச் சொன்ன மாத்திரையை ஒருத்தர் வெறும் வயித்துல போட்டுட்டு வந்து நின்னா என்ன சொல்லுவீங்க?”

“நல்லாத் திட்டுவேன்.”

“இந்தாங்க, படிங்க.”

மருத்துவர் படித்தார். மலைப்பகுதிகளில் பனி. மேம்பட்ட துடைப்பான். அதற்குக் கீழே ஒரு வரி: எல்லாப் பேருந்துகளிலும் ஓட்டுநர் அருகே ஓர் இருக்கை, நண்பர் ஒருவர் அதில் அமர்ந்து உடன் பயணம் செய்யலாம்.

“நம்ம இருக்கை!” என்றார் மருத்துவர்.

“அவங்க இருக்கை. ரெண்டும் ஒரே இடத்துல. எதைப் போடறதுன்னு தெரியாம விளையாட்டு திகைச்சு நிக்குது.”

“அப்படின்னா அவங்க இருக்கையைத் தூக்கிடுங்க.”

“முடியாது. அது விளையாட்டுக்குள்ள பொதிஞ்சு இருக்கு.”

“பழைய பதிப்புக்கே திரும்பிடலாம். அதுக்கு வழி இருக்குதுன்னு நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க.”

“இருக்கு. ஆனா நீங்க மட்டும் திரும்பினா வரிசையில சேர முடியாது. நாற்பது பேரும் திரும்பணும். நீங்கதான் தலைவர். குழுவுல ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

மருத்துவர் கைப்பேசியை எடுத்தார். குழுவைத் திறந்தார். அங்கே ஒருவர் பனி ஏறும் பள்ளத்தாக்கைப் படம்பிடித்துப் போட்டிருந்தார். அதன்கீழ் இன்னொருவர், ‘நாளைக்கு இதுலயா போகப்போறோம்!’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

அவர் ஒன்றும் எழுதாமல் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தமயந்தி மடிக்கணினியைத் தம் பக்கம் இழுத்தார். பச்சைப் பேருந்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீண்டும் வெள்ளைப் பேருந்தைத் திறந்தார். தம் கைப்பேசி வழியாக நிறுவனத்தின் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். இப்புறமும் அப்புறமும் பார்த்தார். திடீரென்று கூவினார்.

“டாக்டர்! இங்க பாருங்க, ஜன்னல் திறக்குது!”

“திறந்தா என்ன?”

“எனக்கு அது கடைசி வரைக்கும் வரவே இல்லைங்க. பதினைஞ்சு விதமாப் பண்ணிப் பார்த்தேன். கண்ணாடி இறங்கும், ஆனா வெளிச் சத்தம் உள்ளே வராது. இங்க பாருங்க, இறக்கினா காத்துச் சத்தம் வருது! ஏத்தினா நின்னுடுது! எவனோ கெட்டிக்காரன் பண்ணியிருக்கான்.”

அவர் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். கைதட்டிச் சிரித்தார். எதிர்மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாமும் சிரித்தார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. ஆசானின் பொருட்டுத் தாமே மனத்தாங்கல் கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது போலும். உதட்டை இறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

தமயந்தி வீட்டுக்குள் போய்த் தம் கணினியில் பச்சைப் பேருந்தின் மூலக் கோப்பைத் திறந்தார். மருத்துவர் பின்னாலேயே சென்று நின்றார். திரையில் அந்த முன்னிருக்கை தனியே தெரிந்தது. மெத்தையின் தையல், கைப்பிடியின் தேய்மானம், தலைசாயும் இடத்தில் வெள்ளைத் துணி உறை. ஓரத்தில் மரகதப் பச்சையில் ஒரு சிறு பூவேலை கூட இருந்தது. மருத்துவர் அதை அதுவரை கவனித்ததில்லை.

தமயந்தி அந்த இருக்கையைத் தேர்ந்தெடுத்து நீக்கினார்.

“ஐயோ!” என்றார் மருத்துவர்.

நெற்றிப் பெயர் நின்றது. பச்சை நிறம் நின்றது. கதவும் படிக்கட்டும் நின்றன. இருக்கை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தமயந்தி பேருந்தைக் கட்டி முடித்து, மருத்துவரின் மடிக்கணினியில் ஏற்றினார். விளையாட்டைத் திறந்தார். திரை கறுக்கவில்லை. பழைய ஆட்டத்தை அழுத்தினார். இம்முறை எந்த அறிவிப்பும் எழவில்லை. பணிமனையில் பச்சைப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு இடப்புறம் நிறுவனத்தின் சாம்பல்நிற இருக்கை, அங்கேயே பிறந்தது போல் பொருந்தியிருந்தது.

மருத்துவர் பேருந்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு முள் உள்ளே நின்றது.

“மூணு மாசம் ஆசானே. அந்தப் பூவேலை, அந்தத் தையல்… ஒரே அழுத்துல போக்கிட்டீங்க. காலையில கேட்டேன், நீங்க பதில் சொல்லல. இப்பவும் கேக்கறேன். உங்களுக்குக் கோவமே வரலையா?”

தமயந்தி சாம்பல்நிற இருக்கையின் ஜன்னலை இன்னொரு முறை இறக்கிப் பார்த்தார். மலைக்காற்றின் ஓசை அறையில் நிறைந்தது.

“மேல போகப் போகக் குளிரும் டாக்டர்” என்றார். “மரகதம் அம்மாவை ஒரு சால்வை எடுத்துக்கச் சொல்லுங்க.”